கூட்டு மருந்தும் கொழுப்பணுவின் தூதும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனை வெள்ளி விழா மேடையில் ஏற்றினால், அவன் தேர்வு முடிவுகளைப் பற்றியோ கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பற்றியோ பேசுவான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி ஆண்டு முழுவதும் பேசுகிறேன். இன்று ஒரு நாள் உங்களுக்கும் எனக்கும் அதிலிருந்து விடுதலை. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்துகள் நம் உடலின் கொழுப்புத் திசுவை என்ன செய்கின்றன, பெண்மை இயக்குநீராகிய ஈஸ்ட்ரோஜன் அதில் எவ்வாறு குறுக்கிடுகிறது என்பதையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் வரலாறு பயின்றவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இது நம் தெருக்களில் நடந்த வரலாறு. அதனால் இதைக் கற்க முயன்றேன்.

முதலில் கொழுப்பைப் பற்றிச் சில சொற்கள். நம் முன்னோர் வீட்டு மூலையில் நெற்குதிர் வைத்திருந்தனர். விளைந்த காலத்தில் கொட்டிவைத்து, விளையாத காலத்தில் எடுத்து உண்பதற்கான கொள்கலம் அது. உடலில் உள்ள கொழுப்பும் அத்தகையதொரு குதிரே என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியிருந்தது. குதிருக்கு வாய் உண்டா? அது வீட்டாரோடு பேசுமா? பேசும் என்று கண்டறிந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என்றொரு நிறுவனம் உண்டு. அங்கே 1949-இல் அளவின்றித் தின்று பருத்த ஒரு வகை எலி பிறந்தது. பின்னர், 1966-இல், அதைப் போன்றே பருத்து நீரிழிவும் கொண்ட மற்றொரு வகை கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர் இவ்விரு வகை எலிகளையும் அறுவை முறையில் இணைத்து, ஒன்றின் குருதி மற்றொன்றுக்குள் செல்லுமாறு செய்தார். விளைவு வியப்புக்குரியது. முதல் வகை எலி உண்பதையே நிறுத்தி, பட்டினியால் மாண்டது. இரண்டாம் வகையோ எவ்வித மாற்றமுமின்றித் தின்றுகொண்டே இருந்தது. ‘போதும்’ என்னும் செய்தியை ஏந்திய ஒரு பொருள் இரண்டாம் எலியின் குருதியில் மிகுதியாக உள்ளது, ஆனால் அதைக் கேட்கும் செவி அதற்கில்லை. முதல் எலிக்குச் செவி உண்டு, செய்திதான் இல்லை என்று கோல்மன் முடிவு செய்தார். அந்தச் செய்தி எங்கே எழுதப்படுகிறது என்பதை 1994-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டனர். எழுதுவது கொழுப்பணு! அந்த இயக்குநீருக்கு, ‘மெலிந்த’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓர் எலியின் பின்னால் நடந்திருக்கிறார்கள். ஒரு முறை தேர்வில் தவறினால் படிப்பை விட்டுவிடும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கட்டும்.

அடுத்த ஆண்டே, 1995-இல், கொழுப்பணு எழுதும் மற்றொரு கடிதமும் அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் அடிப்போனெக்டின். இது இன்சுலினின் சொல் உடலில் எடுபடுமாறு உதவுகிறது. குருதிக் குழாய்ச் சுவரில் அழற்சியைத் தணிக்கிறது. குருதியில் லெப்டினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாக ஓடுவது. இதில் ஒரு விந்தை உண்டு. ஒருவர் பருக்கப் பருக்க லெப்டின் ஏறுகிறது, அடிப்போனெக்டினோ இறங்குகிறது. கொழுப்பணு தன் கொள்ளளவுக்கு மேல் வீங்கும்போது நல்ல கடிதத்தைக் குறைத்துக்கொண்டு, டி.என்.எப். ஆல்பா, இன்டர்லூகின்-6 ஆகிய அழற்சித் தூதுகளை மிகுதியாக அனுப்பத் தொடங்குகிறது. குருதியிலுள்ள விழுங்கணுக்கள் அவ்வழைப்பைக் கேட்டுக் கொழுப்புத் திசுவுக்குள் குடியேறி, மேலும் தீ மூட்டுகின்றன. இந்தத் தீயில் சுடுவதில்லை, சிவப்பதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. உமியில் பிடித்த நெருப்புப்போல ஆண்டுக்கணக்கில் கனன்று, நீரிழிவிலும் மாரடைப்பிலும் கொண்டுவிடுகிறது.

இனி நோய்க்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நிர்மலா அவர்களும் சேகரித்த குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் முதல் மருந்தாகிய சிடோவுடின் அனுமதி பெற்றது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கிவிடும் என்பது உறுதியாயிற்று. ஆனால் அம்மருந்துகளின் விலை ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்! மேலை நாட்டில் மரணம் குறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் சுடுகாடுகள் நிறைந்தன. 2001-இல் நம் இந்திய நிறுவனமாகிய சிப்லா, மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சையை ஓராண்டுக்கு 350 டாலர் விலையில் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாளில் இந்திய அரசு இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் தொடக்க மையங்களுள் ஒன்று.

அந்த மலிவான மூன்றனுள் ஒன்றுதான் ஸ்டாவுடின். நான் சொல்ல வந்த கதையின் மையம் அதுவே.

வைரஸ் பெருக வேண்டுமாயின் தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ. என்னும் சங்கிலியாகப் படியெடுக்க வேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரு பக்கமும் கொக்கி உண்டு. ஸ்டாவுடின் ஒரு போலிக் கண்ணி. தைமிடின் என்னும் உண்மைக் கண்ணியைப் போலவே தோன்றும், ஆனால் ஒரு பக்கம்தான் கொக்கி. வைரஸின் நொதி ஏமாந்து அதைக் கோத்துவிட்டால், அடுத்த கண்ணியை மாட்ட இடமில்லை. சங்கிலி அத்தோடு நின்றுவிடும். அருமையான தந்திரம். ஆனால் ஏமாறுவது வைரஸ் மட்டுமன்று. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணடுப்புகள் உள்ளன. அவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு, அதைப் படியெடுக்கத் தனி நொதியும் உண்டு. அந்த நொதியும் இப்போலிக் கண்ணியைக் கண்டு ஏமாறுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல அடுப்புகள் பழுதுறுகின்றன. தோலுக்கடியில் உள்ள கொழுப்பணுக்கள் சுருங்கி மடிகின்றன. கன்னம் குழிகிறது, கைகால்கள் குச்சிபோல் ஆகி, நரம்புகள் கயிறுபோல் புடைத்துத் தெரிகின்றன.

கொழுப்பு கரைந்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் குதிரின் பேச்சு நினைவுக்கு வரவேண்டும். குதிர் இடிந்தால் நெல்லை எங்கே கொட்டுவது? உண்ட உணவின் கொழுப்பு இடமின்றிக் குருதியிலும் கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. கடிதம் எழுதுவோர் மாண்டமையால் லெப்டினும் குறைகிறது, அடிப்போனெக்டினும் குறைகிறது. எஞ்சிய கொழுப்பணுக்கள் டி.என்.எப். ஆல்பாவையும் இன்டர்லூகின்-6-ஐயும் மிகுதியாகச் சுரக்கின்றன. ஆக, மெலிந்த அந்த மனிதனின் குருதியைச் சோதித்தால், மிகப் பருத்த ஒருவனின் குருதியில் காணும் அதே சீர்கேடுகளைக் காணலாம். கொழுப்பு மிகினும் குறையினும் நோய் செய்யும் என்று வள்ளுவர் வழியில் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் வாத பித்த கபத்தைச் சொன்னார், நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

புரோட்டியேஸ் தடுப்பிகள் என்னும் வேறொரு வகை மருந்தின் கதை சற்று மாறுபட்டது. அவை வைரஸின் கத்தரிக்கோலை மழுங்கச் செய்பவை. அவ்வகையில் தொடக்கத்தில் வந்த சில, இளங்கொழுப்பணு முதிர்வதைத் தடுத்தன. இண்டினாவிர் என்பது குளுக்கோஸ் உள்ளே நுழையும் வாயிலையே அடைத்தது. சிலருக்கு வயிற்றின் உட்புறத்தில் கொழுப்பு திரண்டது. சிலருக்குப் பிடரியில் காளையின் திமில்போல் எழுந்தது. இக்கோலத்தை 1998-இல் சிட்னி நகரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கார், டேவிட் கூப்பர் முதலானோர் விரிவாக எழுதி, கொழுப்புப் பிறழ்வு என்று பெயரிட்டனர். அவ்வகை மருந்துகள் நம் ஊர்களில் முதற்கட்டச் சிகிச்சையாக வழங்கப்படவில்லையாதலால் அதை இத்துடன் விடுகிறேன்.

நம் ஊர்களில் நாம் கண்டது குழிந்த கன்னம். மருத்துவருக்கு அது ஒரு பக்க விளைவு. தெருவுக்கோ அது ஒரு முத்திரை. பார்த்த மாத்திரத்தில் ஒருவனை இன்னான் என்று அடையாளங்கண்டு, அவன் குடித்த குவளையைத் தனியே வைப்பது என்றால் என்ன என்பதை இம்மண்டபத்தில் உள்ளோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பழைய மாணவன் ஒருவன், கட்டட வேலை செய்து குடும்பம் காத்தவன், இம்மருந்தால் உயிர் மீண்டான். எடை ஏறிற்று, வேலைக்குத் திரும்பினான். மூன்றாம் ஆண்டில் கன்னம் குழியத் தொடங்கியது. “சார், மாத்திரை என்னைக் காட்டிக்கொடுக்குது” என்று என்னிடம் சொன்னான். பிறகு யாரிடமும் கூறாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஓராண்டு கழித்துக் காசநோய் அவனைக் கொண்டுபோயிற்று. அவன் நோயினால் மாண்டான் என்று சான்றிதழ் கூறும். கூட வேலை செய்தவர்களின் கண்களுக்கும் அதில் பங்குண்டு என்று நான் கூறுவேன்.

மருந்தை நிறுத்தினால் அதன் தீங்கு நீங்கி உடல் தேறும் என்று அவன் எண்ணியது அவனுடைய எண்ணம் மட்டுமன்று. மருத்துவ உலகிலும் அப்படி ஒரு கருத்து இருந்தது. இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்று பல நாடுகளில் 5,472 பேரிடம் ஸ்மார்ட் என்னும் பெயரில் பேராய்வு நடந்தது. 2006-இல் அதன் முடிவு வெளியாயிற்று. மருந்தை நிறுத்தியோரிடம் மரணமும் நோயும் மிகுந்தன. அது மட்டுமன்று, அவர்கள் குருதியில் இன்டர்லூகின்-6 என்னும் அதே அழற்சித் தூது உயர்ந்தது. ஏனெனில் வைரஸே ஒரு தீ. அது கொழுப்புத் திசுவிலுள்ள நோய்த்தடுப்பு அணுக்களுக்குள்ளும் பதுங்கியிருக்கிறது. மருந்து மூட்டும் சிறு தீக்கு அஞ்சி வைரஸின் பெருந்தீயை அவிழ்த்துவிடலாகாது. செய்ய வேண்டியது மருந்தை மாற்றுவதே. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. நம் நாட்டிலும் பின்னர் அது விலக்கப்பட்டது. மாற்றிய பிறகு இழந்த கொழுப்பு திரும்புகிறதா? திரும்புகிறது, ஆனால் மிக மெதுவாக. பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

இந்த மருந்தை ஏழை நாடுகளுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று சினந்து கேட்கும் இளைஞர்கள் உண்டு. அந்தச் சினத்தில் பாதி நியாயம் உள்ளது. பணக்கார நாடுகள் அதைக் கைவிடத் தொடங்கிய பின்னரும் நம்மவர்க்கு அது பல ஆண்டுகள் தொடர்ந்தது, விலை காரணமாக. ஆனால் மறுபாதியையும் பாருங்கள்: 2004-இல் நமக்கு முன்னிருந்த தேர்வு ஸ்டாவுடினா நல்ல மருந்தா என்பதன்று, ஸ்டாவுடினா சவக்குழியா என்பதே.

இனிப் பெண்களைப் பற்றி. தாய்மார்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். இது கூச்சப்பட வேண்டிய செய்தியன்று.

பருவமடைந்தது முதல் மாதவிலக்கு நிற்கும் வரை சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கொழுப்பு எங்கே தங்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரி. இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் தங்கவைப்பதே அதன் விருப்பம்; வயிற்றின் உட்புறத்தை அது ஒதுக்குகிறது. உடம்பின் கொழுப்பு சம அளவில் இருந்தாலும் பெண்ணுக்கு ஆணைவிட லெப்டின் மிகுதி, அடிப்போனெக்டினும் மிகுதி. அடிப்போனெக்டினைப் பொறுத்தவரை, பெண்மை இயக்குநீர் அதை உயர்த்துவதைவிட ஆண்மை இயக்குநீர் அதைத் தாழ்த்துவதே பெருங்காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கென்று கொழுப்பணுவில் ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் ஆல்பா வகை ஏற்பியை நீக்கிய எலிகளை 2000-இல் ஆராய்ந்தபோது, அவை உணவை மிகுதியாக உண்ணாமலே பருத்தன. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இதே மாற்றம் மெல்ல நிகழ்கிறது. இடுப்புக் கொழுப்பு வயிற்றுக்குள் இடம்பெயர்கிறது. ஈஸ்ட்ரோஜன் அடக்கிவைத்திருந்த டி.என்.எப். ஆல்பாவும் இன்டர்லூகின்-6-உம் தலைதூக்குகின்றன. நாற்பது வயதுவரை பெண்ணுக்கு அரிதாயிருந்த மாரடைப்பு அறுபதில் ஆணோடு போட்டியிடுவது இதனாலும்தான்.

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்ணிடம் இவ்விரு ஓடைகளும் கலக்கின்றன. பழைய மருந்துகளின் காலத்தில், ஆண்களிடம் குழிதல் மிகுதியாகவும், பெண்களிடம் வயிற்றிலும் மார்பிலும் திரள்தல் மிகுதியாகவும் காணப்பட்டது. இன்று நம் ஏ.ஆர்.டி. மையங்களில் முதற்கட்டமாக வழங்கப்படுவது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. இது கன்னத்தைக் குழிக்காது. மைட்டோகாண்ட்ரியாவை அவ்வாறு வதைக்காது. ஆனால் இதற்கும் தனக்கென ஒரு குணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1,053 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான அட்வான்ஸ் என்னும் ஆய்வில், 48 வார முடிவில், இம்மூன்று அடங்கிய வகைக்கு நெருங்கிய கலவையை உண்ட பெண்கள் சராசரியாக 3 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும், டெனோபோவிரின் புதிய வடிவத்தோடு டோலுடெக்ராவிர் உண்ட பெண்கள் 6 கிலோவுக்கு மேலும் எடை கூடினர். பழைய எபாவிரென்ஸ் கலவையில் அது 2 கிலோவுக்கும் குறைவு. எந்தக் கலவையாயினும் பெண்களே மிகுதியாகப் பருத்தனர். இதில் ஈஸ்ட்ரோஜனின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீர்க்கப்படாத வழக்கு. மெலிந்து வந்த நோயாளி உடல் தேறுவதும் அதில் ஒரு பகுதிதான் என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? இக்கேள்வியை நம் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள், நல்ல கேள்வி. அமெரிக்காவில் 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் கொடுத்து ஆராய்ந்தார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், குருதி உறைதல் ஆகியவை மிகுந்ததால் 2002-இல் ஆய்வின் அப்பகுதியை இடையிலேயே நிறுத்தினர். மேலும், வாய்வழி உண்ணும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலின் வழியே சென்று, சி.ஆர்.பி. என்னும் ஓர் அழற்சிப் பொருளை உயர்த்தவே செய்கிறது. உடல் தானே சுரப்பதும் நாம் உள்ளே அனுப்புவதும் ஒன்றாகா. கடைக்குச் சென்று இயக்குநீர் மாத்திரை வாங்கி உண்பவர்கள் இதை அறிய வேண்டும். கருத்தடை உள்வைப்பு கொண்ட பெண்கள், எபாவிரென்ஸ் அதன் வலிமையைக் குறைக்கும் என்பதையும் அறிந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அழற்சியை அடக்க வேறு வழி தேடியவர்களுக்குச் சிறிது வெற்றி கிட்டியுள்ளது. ரிப்ரைவ் என்னும் பேராய்வு, நம் நாடு உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி.யோடு வாழும் 7,769 பேரைக் கொண்டு நடந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர் பெண். பிட்டாவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரை உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் 35 விழுக்காடு குறைந்தன என்று 2023-இல் அறிவித்தனர். அது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து. நம் கையில் உள்ளது வேறொன்று.

தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவைத்தான் சொல்கிறேன். எடைக்கருவி கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது, நாடா சொல்லும். நம் நாட்டு ஆணுக்கு இடையளவு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.; அதற்கு மேற்பட்டால் உட்கொழுப்பு திரள்கிறது என்று பொருள். தொப்புளின் மட்டத்தையொட்டி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். மையத்துக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்கச் செல்வோர் இந்த அளவையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து எடுத்துச் செல்லலாம். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கக் குருதிச் சோதனை எப்போது என்று கேட்கலாம். நோய் இல்லாத நாமும் அளந்துகொள்ளலாம். நம் சங்க அலுவலகத்தின் நூலக மேசையில் ஒரு நாடாவை வைத்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் முதலில் அளந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்.